அறைக்கான காற்றுச் சுத்திகரிப்பியும் கையடக்கத் துகள் அளவியும்: திருகோணமலை வீடொன்றிலிருந்து ஒரு மதிப்பீடு

திருகோணமலை நகரத்தின் வீட்டுப் பாவனைப் பொருட் கடைகளில் காற்றுச் சுத்திகரிப்பிகளும் இப்போது கண்ணில் படுகின்றன. குளிரூட்டிக்கும் நீர் வடிகட்டிக்கும் நடுவே முழங்கால் உயரத்தில் நிற்கும் அந்த வெள்ளை உருளையை, தொய்வு (ஆஸ்துமா) வருத்தம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் நின்று பார்க்கிறார்கள். விலையைக் கேட்டதும் பலர் நகர்ந்துவிடுகிறார்கள். எங்கள் வீட்டிலும் எட்டு வயதில் தொய்வுக்கு மருந்து எடுக்கும் பிள்ளை இருப்பதால், நாற்பதாயிரம் ரூபாவைத் தாண்டிய விலையில் ஒன்றை வாங்கினோம். அது வேலை செய்கிறதா என்று அறிய வேறு வழி இல்லாததால், காற்றிலுள்ள நுண்துகளை அளக்கும் கையடக்கக் கருவி ஒன்றையும் அதன் மூன்றிலொரு பங்கு விலைக்கு இணையத்தில் தருவித்தோம். வாடைக் காலத்திலும் கச்சான் காலத்திலும் இரண்டையும் பயன்படுத்திப் பார்த்த பின்னரே இதை எழுதுகிறேன். வணிகப் பெயர்களை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். இந்த விலையில் கிடைப்பவற்றின் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே வகை வடிகட்டியும் ஒரே வகை விசிறியும்தான். இங்கே சொல்லப்படுவது அந்த வகை முழுவதற்கும் பொருந்தும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டில் ஒன்றுக்கு மட்டுமே கையில் பணம் இருக்குமானால் அளவியை வாங்குங்கள். சுத்திகரிப்பி நல்ல கருவிதான். ஆனால் எங்கள் ஊர் வீடுகளில் அது செய்யக்கூடிய வேலை மிகவும் எல்லைக்குட்பட்டது. பிள்ளையின் மூச்சுக்குள் போகும் புகையில் பெரும்பகுதி எங்கிருந்து வருகிறது என்பதை அளவி காட்டிக்கொடுத்தபோது, அதை நிறுத்துவதற்கு இயந்திரமே தேவைப்படாத இடங்கள் பல இருந்தன.

கருவிகளைப் பற்றிப் பேசுவதற்கு முன், இவ்வளவு செலவு ஏன் என்று கேட்பவர்களுக்காக நுரையீரலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பிறந்த குழந்தையின் நுரையீரல் பெரியவரின் நுரையீரலுடைய சிறிய பிரதி அன்று. அது இன்னும் கட்டி முடிக்கப்படாத உறுப்பு. பிறக்கும்போது சில கோடியாக இருக்கும் காற்றுச் சிற்றறைகள், வளர்ந்தவரில் 30 கோடிக்கும் மேலாகப் பெருகியிருக்கின்றன. அவற்றின் பெரும்பகுதி முதல் சில ஆண்டுகளிலேயே உருவாகிறது. நுரையீரலின் கொள்ளளவோ பதின்ம வயதின் இறுதிவரை வளர்ந்துகொண்டே போகிறது. அத்துடன், ஓய்வாக இருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை வரை மூச்சு விடும்போது, கைக்குழந்தை 30 முதல் 60 தடவை வரை மூச்சு விடுகிறது. உடல் நிறையோடு ஒப்பிட்டால் ஒரே அறையில் இருக்கும் தாயைவிடப் பிள்ளையே அதிகக் காற்றை, ஆகவே அதிகப் புகையை, உள்ளே இழுக்கிறது. மூச்சுக் குழாய்கள் ஒடுங்கியவை என்பது அடுத்த சங்கடம். குழாயின் ஆரை பாதியாகக் குறைந்தால் அதனூடாகச் சீராகக் காற்றுச் செல்வதற்கான தடை பதினாறு மடங்காகிறது என்பது பௌதிகவியல். பெரியவருக்கு வெறும் தொண்டைக் கரகரப்பாக முடியும் வீக்கம் சிறுபிள்ளைக்கு இழுப்பாக மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தச் சேதம் அன்றைய இருமலோடு முடிந்துவிடுவதில்லை. அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவில் 1993 இல் தொடங்கப்பட்ட நீண்ட ஆய்வொன்றில், 12 ஊர்களைச் சேர்ந்த பிள்ளைகளின் நுரையீரல் இயக்கத்தை 10 வயது முதல் 18 வயது வரை ஆண்டுதோறும் அளந்தார்கள். 2004 இல் வெளியான அதன் முடிவுகளின்படி, நுண்துகள் மிகக் குறைந்த ஊரில் 18 வயதானோருள் 1.6 வீதமானோரின் நுரையீரல் இயக்கமே எதிர்பார்க்கப்பட்ட அளவில் 80 வீதத்துக்குக் கீழே இருந்தது. நுண்துகள் மிகக் கூடிய ஊரில் அந்தத் தொகை 7.9 வீதம். 2015 இல் அதே ஆய்வின் தொடர்ச்சி நல்ல செய்தியையும் கொண்டுவந்தது: அப்பகுதியின் காற்று துப்புரவாகத் தொடங்கிய பின் வளர்ந்த பிள்ளைகளின் நுரையீரல், முன்னைய பிள்ளைகளுடையதைவிட நன்றாக வளர்ந்திருந்தது. கலிபோர்னியாவின் நெடுஞ்சாலைப் புகையும் எங்கள் ஊரின் புகையும் ஒன்றல்ல என்பது உண்மைதான். ஆனால் வளர்கின்ற வயதில் புகையைக் குறைப்பதற்குப் பலன் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

இனிச் சுத்திகரிப்பி. அதன் அமைப்பு மிக எளிமையானது. விசிறி ஒன்று அறையின் காற்றை இழுத்து, மடிப்பு மடிப்பாகச் செறிந்த நாரிழை வடிகட்டியினூடாகத் தள்ளி, வெளியே விடுகிறது. 'ஹெப்பா' என அழைக்கப்படும் இந்த வடிகட்டி, பிடிப்பதற்கு மிகக் கடினமான 0.3 மைக்ரோமீற்றர் அளவுள்ள துகள்களிலும் 99.97 வீதத்தைத் தடுக்க வேண்டும் என்பது அதற்கான தரம். ஒரு தலைமயிர் ஏறத்தாழ 50 முதல் 70 மைக்ரோமீற்றர் தடிப்பம் கொண்டது என்றால், நாம் பேசும் துகள் எவ்வளவு நுண்ணியது என்பது புரியும். மூக்கின் மயிரும் சளியும் பெரிய தூசைப் பிடித்துவிடுகின்றன, 2.5 மைக்ரோமீற்றரும் அதற்குக் குறைவுமான துகள்கள், அதாவது பி.எம். 2.5, அந்தக் காவலைத் தாண்டிக் காற்றுச் சிற்றறை வரை இறங்கிவிடுகின்றன. ஆகவே இந்தக் கருவி குறிவைக்கும் எதிரி சரியான எதிரிதான்.

மூடிய அறையில் அது சொன்னதைச் செய்கிறது. பக்கத்து வளவில் குப்பை கொளுத்திய ஒரு மாலையில், யன்னல்களைச் சாத்தி, கதவின் அடியில் துணியைத் திணித்து, கருவியை உச்ச வேகத்தில் விட்டபோது, அளவியில் மூன்று இலக்கத்தில் நின்ற எண் அரை மணித்தியாலத்துக்குள் இருபதுக்குக் கீழே இறங்கியது. பிள்ளையின் இரவு இருமல் அன்று குறைந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த வாரம் தடிமன் மாறிக்கொண்டிருந்ததால் அதன் பெருமையைக் கருவிக்குக் கொடுக்க முடியாது. துகள் குறைந்தது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது, பெட்டியில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும் அறையின் பரப்பை அன்று. தூய காற்று வழங்கும் வீதம் என்று ஒரு எண் இருக்கும்; ஆங்கிலத்தில் அதைச் 'சி.ஏ.டி.ஆர்' என்பார்கள். 120 சதுர அடி அறைக்கு நிமிடத்துக்கு 80 கன அடியாவது, அதாவது மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 136 கன மீற்றராவது இருந்தால், எட்டு அடி உயரக் கூரையுள்ள அந்த அறையின் காற்று மணித்தியாலத்துக்கு ஐந்து தடவை வடிகட்டியினூடாகச் செல்லும். எங்கள் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளைப் போலக் கூரை பன்னிரண்டு அடிக்கு உயர்ந்திருந்தால் இந்தக் கணக்கை ஒன்றரை மடங்காக்கிக்கொள்ள வேண்டும். கடையில் இந்த எண்ணைக் கேட்டபோது முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இது ஏசி மாதிரிக் குளிராது, தெரியும்தானே?" என்றார். நியாயமான எச்சரிக்கைதான், குளிரும் என்று நினைத்து வாங்கியவர்கள் திரும்பிக் கொண்டுவந்திருக்கிறார்களாம்.

சில மாதிரிகளில் 'அயனி' விடும் வசதி ஒன்றும் இருக்கிறது. அதை மேலதிகச் சிறப்பாக விளம்பரம் செய்கிறார்கள். அயனியாக்கிகளுள் சில ஓசோன் வாயுவை உண்டாக்கக் கூடியவை. ஓசோன் மூச்சுக் குழாயை அரிக்கும் வாயு, தொய்வுள்ள பிள்ளையின் அறையில் அதற்கு இடமே இல்லை. எங்கள் கருவியில் அதை நிறுத்திவைக்கத் தனிப் பொத்தான் உண்டு; அப்படி நிறுத்த முடியாத மாதிரியாக இருந்தால் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். ஹெப்பா வடிகட்டி வாயுக்களையும் மணங்களையும் பிடிக்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இந்த விலையில் வரும் கருவிகளில் கரிப் படலம் மிக மெல்லியது. எரியும் பிளாஸ்ரிக்கின் நாற்றம் எண் இறங்கிய பிறகும் அறையில் நின்றது.

இப்போது உண்மையான இடைஞ்சலுக்கு வருகிறேன். திருகோணமலை வீடு காற்றை உள்ளே விடுவதற்காகக் கட்டப்பட்ட வீடு. யன்னலுக்கு மேலே காற்றுத் துவாரம், கூரைக்கும் சுவருக்கும் இடையே இடைவெளி, முன்கதவையும் பின்கதவையும் நேருக்கு நேர் வைத்த அமைப்பு: எல்லாமே கடற்காற்று நுழைந்து வெளியேற வேண்டும் என்பதற்காகவே. கச்சான் அடிக்கும் மே முதல் செப்ரெம்பர் வரையான மாதங்களில், மலைநாட்டைத் தாண்டி ஈரத்தை இழந்து வரும் அந்த வெக்கைக் காற்றில், யன்னலைச் சாத்திக்கொண்டு பிள்ளையைப் படுக்கவைப்பது ஒரு தண்டனை. யன்னலைத் திறந்தாலோ சுத்திகரிப்பி சுத்தப்படுத்துவது எங்கள் அறையை அன்று, நாங்கள் இருக்கும் உவர்மலைப் பகுதி முழுவதையும். குளிரூட்டி உள்ள வீட்டில் இந்தக் கருவி ஆண்டு முழுவதும் பயன்படும். இல்லாத வீட்டில் மழைக் காலத்திலும், வெளியே புகை எழும்பும் சில மணித்தியாலங்களிலும் மட்டுமே பயன்படும். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் அதற்கு முழு மனதோடு பரிந்துரை தரத் தயங்குகிறேன்.

அளவி தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. உள்ளே ஒரு சிறு விசிறி காற்றை இழுக்கிறது. லேசர் ஒளிக்கற்றை ஒன்றின் குறுக்கே துகள்கள் போகும்போது ஒளி சிதறுகிறது. அந்தச் சிதறலைக் கொண்டு ஒரு கன மீற்றர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் துகள் இருக்கிறது என்று கணித்து, திரையில் எண்ணாகக் காட்டுகிறது. அந்த எண்ணை எதனோடு ஒப்பிடுவது என்பதைக் கையேடு சொல்வதில்லை, ஆகவே நான் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2021 இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டலின்படி, பி.எம். 2.5 இன் 24 மணிநேரச் சராசரி 15 மைக்ரோகிராமையும் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமையும் தாண்டலாகாது. இலங்கையின் 2008 ஆம் ஆண்டு வர்த்தமானி விதித்த எல்லைகளோ முறையே 50 உம் 25 உம். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் பெரியது; எங்கள் சட்டம் சரி என்று சொல்லும் காற்றிலும் பிள்ளையின் நுரையீரலுக்குச் சுமை இருக்கலாம் என்பதே அதன் பொருள். இவை சராசரிகள் என்பதால், திரையில் ஒரு கணம் 60 தெரிந்ததும் பதறத் தேவையில்லை. அது மணிக்கணக்காக நிற்கிறதா என்பதையே பார்க்க வேண்டும்.

இந்தக் கருவிக்குக் கடலோர ஊரில் ஒரு பலவீனம் உண்டு. காற்றில் ஈரப்பதன் மிகும்போது துகள்கள் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. பருத்த துகள் அதிக ஒளியைச் சிதறடிப்பதால் அளவி உண்மையிலும் கூடுதலாகக் காட்டுகிறது. கடலலை தெறிக்கும் உப்புத் துகள்கள் இதை இன்னும் மோசமாக்குகின்றன. வாடை பலமாக அடித்த மார்கழி விடியல்களில் கடற்கரையோரமாக நின்று பார்த்தபோது, ஒரு புகையும் இல்லாத இடத்தில் எண் ஏறி நின்றது. ஆகவே இந்த விலையில் கிடைக்கும் அளவியை நீதிமன்றத்தில் சாட்சியாக நிறுத்த முடியாது. ஒரே நாளில், ஒரே வீட்டில், இந்த இடத்துக்கும் அந்த இடத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்ப்பதற்கு மட்டும் அதை நம்பலாம். எங்களுக்குத் தேவைப்பட்டதும் அவ்வளவே.

அந்த வேறுபாடுகள்தான் என்னைத் திகைக்கவைத்தன. நகரத்தில் புகை என்றால் நாங்கள் இயல்பாகவே பெரிய புகைபோக்கிகளைத்தான் நினைப்போம். சம்பூரில் நிலக்கரி மின்னிலையம் அமைக்கும் திட்டத்தைப் பற்றி இந்தப் பகுதி எவ்வளவு காலம் கவலைப்பட்டது என்பதும், 2016 இல் அது கைவிடப்பட்டபோது எத்தனை பேர் பெருமூச்சு விட்டார்கள் என்பதும் நினைவிருக்கும். அந்தக் கவலை நியாயமானதே. ஆனால் எங்கள் வீட்டில் அளவி காட்டிய மிகப் பெரிய எண்கள் பிள்ளையின் கட்டிலிலிருந்து நாலடி தூரத்தில் பதிவாகின; அவற்றுக்குக் காரணம் நுளம்புத்திரி.

நுளம்புத்திரி ஒன்று எரிந்து முடியும்போது 75 முதல் 137 வரையான சிகரெட்டுகள் விடும் அளவு நுண்துகளை விடக்கூடும் என்று 2003 இல் வெளியான ஆய்வொன்று கணித்திருந்தது. அதை முன்பு வாசித்தபோது மிகைப்படுத்தல் என்றே தோன்றியது. யன்னல் சாத்திய படுக்கையறையில் திரியைக் கொளுத்திவிட்டு அளவியைக் கட்டிலின் தலைமாட்டில் வைத்தபோது, எண் சில நூறுகளைத் தாண்டி ஏறியது. சுத்திகரிப்பியை உச்ச வேகத்தில் விட்டும் அதனால் திரியோடு ஈடுகொடுக்க முடியவில்லை. வீட்டில் எவரும் புகைபிடிப்பதில்லை என்று வைத்தியரிடம் நிம்மதியாகச் சொல்லிவிட்டு, இரவில் திரியைக் கொளுத்தும் வீடுகள் எங்கள் ஒழுங்கையில் ஒன்றிரண்டு அல்ல.

திரியை எறிந்துவிடுங்கள் என்று சொல்வது மட்டும் பொறுப்பான பேச்சாகாது. 2017 இல் கிண்ணியாவை டெங்கு எப்படி உலுக்கியது என்பதைக் கண்ட மாவட்டம் இது. நுளம்புக்கு அஞ்சுவதில் தவறில்லை. ஆனால் டெங்கைப் பரப்பும் நுளம்பு பெரும்பாலும் பகலிலேயே, குறிப்பாகக் காலையிலும் மாலையிலும் கடிப்பது. இரவு முழுவதும் எரியும் திரி அந்தப் பகைவனைச் சரியான நேரத்தில் சந்திப்பதும் இல்லை. யன்னல்களுக்கு வலை அடித்தோம், கட்டிலுக்கு நுளம்பு வலை கட்டினோம், வளவில் தண்ணீர் தேங்கும் சிரட்டைகளையும் பழைய ரயர்களையும் அகற்றினோம். வலை அடித்த செலவு சுத்திகரிப்பியின் விலையில் மிகச் சிறு பங்குதான். படுக்கையறையின் இரவு எண்ணைக் குறைத்ததில் அதன் பங்கோ இயந்திரத்தின் பங்கைவிடப் பெரியது.

அடுத்தது அடுப்படி. 2021 இன் இறுதியில் சமையல் எரிவாயுக் கொள்கலன்கள் வெடித்த செய்திகளும், 2022 இல் அவை கிடைக்காமலே போனதும் சேர்ந்து பல வீடுகளை விறகுக்குத் திருப்பின. நிலைமை சீரான பின்னும் விலைக்கு அஞ்சிச் சிலர் திரும்பி வரவில்லை. பொச்சும் மட்டையும் ஈரமாக எரியும் அடுப்படியில் அளவியின் எண் நாலு இலக்கத்தைத் தொட்டது. வீட்டுப் புகைக்கு உள்ளாகும் சிறுபிள்ளைகளுக்கு நியூமோனியாக் காய்ச்சல் வரும் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அம்மா சமைக்கும்போது இடுப்பில் இருக்கும் குழந்தை, அடுப்புக்கு முன் இருந்து பாடம் படிக்கும் பிள்ளை, இருவருமே இந்தக் கணக்கில் வருகிறார்கள். எல்லோராலும் எரிவாயுவுக்கு மாற முடியாது என்பது எனக்குத் தெரியும். காய்ந்த விறகை மட்டும் பாவிப்பதும், இரட்டை வாயுள்ள களிமண் 'அனகி' அடுப்பை வைப்பதும், கூரையில் புகை போக வழி விடுவதும், சமைத்து முடியும்வரை பிள்ளையை முன் விறாந்தைக்கு அனுப்புவதும் எண்ணைக் கண்கூடாகக் குறைக்கின்றன. கடைசியாகச் சொன்னதற்குச் செலவே இல்லை.

சாம்பிராணியைப் பற்றி எழுதினால் சிலர் முகம் சுளிப்பார்கள் என்பது தெரிந்தும் எழுதுகிறேன். குழந்தையைக் குளிப்பாட்டித் தலை துவட்டிய கையோடு சாம்பிராணிப் புகை பிடிப்பது எங்கள் வீட்டுப் பெரியவர்களின் அன்பின் ஒரு வடிவம். அந்தப் புகையும் மூச்சுக் குழாய்க்கு வேறு எந்தப் புகையையும் போன்றதே. எங்கள் மாமி அளவியைத் தானே கையில் வாங்கி, தணல் தட்டின் மேல் பிடித்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவோ?" என்று கேட்டார். அதன் பிறகு பேரனின் தங்கைக்குத் தலை துவட்டத் துவாய் மட்டும் போதும் என்றாகிவிட்டது. சாமியறையில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி இன்னும் உண்டு; யன்னல் திறந்திருக்கும், பிள்ளைகள் சற்று விலகி நிற்பார்கள். நான் பேசியிருந்தால் வாக்குவாதமாக முடிந்திருக்கக்கூடிய விடயம் அந்தச் சிறு திரையால் சுமுகமாகத் தீர்ந்தது. அளவியின் விலைக்கு இந்த ஒன்றே போதும் என்று நினைக்கிறேன்.

வெளியே உள்ள புகையில் எங்கள் அதிகாரம் குறைவு. மாலையில் வளவுச் சருகோடு சொப்பின் பைகளையும் சேர்த்துக் கொளுத்தும் பழக்கம் ஒழுங்கைக்கு ஒழுங்கை இருக்கிறது. அறுவடை முடிந்ததும் தம்பலகாமத்துப் பக்கம் வைக்கோல் எரிக்கும் நாட்களில், கண்டி வீதியால் மோட்டார் சைக்கிளில் வரும்போதே கண் எரியும். பாடசாலை விடும் நேரத்தில் வாசலில் இயந்திரத்தை அணைக்காமல் காத்து நிற்கும் வான்களின் நடுவே அளவியைப் பிடித்தபோது, மைதானத்தின் நடுவே இருந்ததைப் போல் பல மடங்கு எண் தெரிந்தது. பெரியவர்களின் மூக்கைவிடப் பிள்ளைகளின் மூக்கே புகைக்குழாயின் உயரத்துக்குக் கிட்ட இருக்கிறது என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள். இதற்குச் சுத்திகரிப்பியால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. வான் சாரதிகளிடம் அந்த எண்ணைக் காட்டிக் கேட்டபோது சிலர் இயந்திரத்தை அணைத்தார்கள், சிலர் சிரித்தார்கள்.

சுத்திகரிப்பி தன் விலையை முழுமையாக நியாயப்படுத்தக்கூடிய நாட்கள் எவை என்று கேட்டால், 2022 டிசம்பர் போன்ற நாட்கள் என்பேன். வங்காள விரிகுடாவில் மண்டோஸ் புயல் நின்ற வேளையில் இந்தியப் பெருநிலத்தின் மாசடைந்த காற்று இலங்கை மீது இறங்கி, நாடு முழுவதும் மங்கல் கவிந்தது. டிசம்பர் 9 ஆம் திகதி பாடசாலைகளை மூடினார்கள். அதே நாட்களில் அடித்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் செத்து விழுந்தன. அப்போது எங்களிடம் இந்தக் கருவிகள் இருக்கவில்லை. வடக்கிலிருந்து காற்று வரும் பருவத்தில் இத்தகைய மங்கல், அளவில் சிறியதாக, பிறகும் தலைகாட்டியிருக்கிறது. அந்நாட்களில் வெளியே ஒழிப்பதற்கு ஒரு நெருப்பும் இல்லை, யன்னலைச் சாத்துவதற்கு வெக்கையும் தடையில்லை. ஒரு அறையை மூடி, கருவியை ஓடவிட்டு, பிள்ளைகளை அதற்குள் விளையாட விடுவதைத் தவிர வேறு வழியும் இல்லை. அந்த வேலையை எங்கள் கருவி குறையின்றிச் செய்தது.

பராமரிப்பைப் பற்றிச் சுருக்கமாக. உச்ச வேகத்தில் 40 வாற்று அளவில் மின்சாரம் எடுக்கும் கருவி, இரவு பத்து மணித்தியாலம் ஓடினால் மாதத்துக்கு 12 அலகு வரும். அடிக் கட்டத்தில் இருக்கும் வீட்டின் மின்பட்டியலை அடுத்த கட்டத்துக்குத் தள்ளிவிட இது போதும். உச்ச வேகத்தில் இரைச்சல் நித்திரையைக் குழப்பும், மிகக் குறைந்த வேகத்தில் பலன் அற்பம். நடு வேகமே சரி. வடிகட்டியை ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறார்கள். உப்புக் காற்றில் எங்களுடையது அந்தக் காலத்தின் குறைந்த எல்லையிலேயே கறுத்துவிட்டது. மாற்று வடிகட்டி ஊரில் இல்லை. கொழும்பிலிருந்து வருவித்தோம், அதுவும் முதலில் வேறு அளவில் வந்தது. ஆகவே வடிகட்டியின் விலையையும் அது கிடைக்கும் இடத்தையும் முதலிலேயே கேட்டுவிட்டு வாங்குங்கள். கழுவிப் பாவிக்கலாம் என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம்: முன்வலையை மட்டுமே கழுவலாம், ஹெப்பா வடிகட்டி நனைந்தால் அதன் வேலை முடிந்தது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இவற்றில் எதுவும் மருந்துக்குப் பதிலீடு அன்று. தொய்வுள்ள பிள்ளைக்கு வைத்தியர் தினமும் எடுக்கச் சொன்ன தடுப்பு இன்ஹேலரை, அறைக் காற்று நன்றாகிவிட்டது என்று நிறுத்திவிடக் கூடாது. இன்ஹேலரைச் சிறுபிள்ளைக்கு நேரடியாக வாயில் அடித்தால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். 'ஸ்பேசர்' எனப்படும் பிளாஸ்ரிக் குழாயினூடாகக் கொடுத்தால்தான் உள்ளே போகும். எந்த வீட்டிலாவது ஸ்பேசர் வாங்காமல் சுத்திகரிப்பி வாங்க யோசிப்பார்களானால், அந்த வரிசையை மாற்றச் சொல்வேன். மூச்சு வாங்கும்போது பிள்ளையின் விலா எலும்புகளின் இடையே தோல் உள்ளிழுக்கப்பட்டால், அல்லது ஒரு வசனத்தை முழுமையாகச் சொல்ல முடியாமல் திணறினால், அளவியைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

யார் எதை வாங்கலாம்? தொய்வுள்ள பிள்ளையும் குளிரூட்டியுள்ள படுக்கையறையும் இருந்தால், வலையும் அடுப்படியும் சரிசெய்யப்பட்ட பின், சுத்திகரிப்பி பயனுள்ள செலவு. பிரதான வீதியோரத்தில் யன்னலைத் திறக்க முடியாத வீட்டுக்கும் அப்படியே. மற்றவர்களுக்கு அது அவசரமில்லை. அளவியை ஒவ்வொரு வீடும் வாங்க வேண்டியதில்லை. ஒரு ஒழுங்கைக்கோ ஒரு பாலர் பாடசாலைக்கோ ஒன்று இருந்தால் மாறி மாறிப் பாவிக்கலாம். எங்களுடையது இப்போது அப்படித்தான் வீடு வீடாகச் சுற்றுகிறது, சிலவேளை அதைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

வாங்குபவர்களுக்குக் கையேட்டில் இல்லாத ஒரு குறிப்பு: கறுத்த பழைய வடிகட்டியைக் கழற்றும்போது பிள்ளையை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டு, தட்டாமல் உதறாமல் பையொன்றில் இட்டு இறுகக் கட்டி, குப்பை வண்டிக்குக் கொடுங்கள். அதை வளவின் மூலையில் போட்டுக் கொளுத்தியவர் ஒருவரையும் எனக்குத் தெரியும்.